அம்பு ஒட்டாத கேக்

என் மாமனார் அந்தோணிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடி, சீட்டு எதுவும் கிடையாது. அதெல்லாம் இருந்திருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன். இவர் சட்டைப் பையில் எப்போதும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் அட்டை ஒன்று இருக்கும்.

ஆம்பூரில் ஷூ ஃபேக்டரி பக்கம் போனவர்களுக்கு அது தெரியும். தையல் விலகியிருந்தாலும், பசை வெளியே தெரிந்தாலும், தோலில் கீறல் இருந்தாலும் அந்த இடத்தைக் காட்டி ஓர் அம்பை ஒட்டி, ஷூவை லைனுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாமா அந்த ஃபேக்டரியில் குவாலிட்டி செக்கர். வேலையை ஃபேக்டரி கேட்டோடு விட்டுவிட்டு வரும் ஆள் இல்லை. நான் சுட்ட தோசை ஒரு பக்கம் தடித்திருந்தால் தட்டின் ஓரத்தில் ஓர் அம்பு. அயர்ன் பண்ணிய சட்டையில் மடிப்பு கோணினால் காலரில் ஓர் அம்பு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஒட்டிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். திட்டினால் திருப்பித் திட்டலாம். ஸ்டிக்கரோடு யார் சண்டை போடுவது?

நானும் அதே ஃபேக்டரியில் ஸ்டிச்சிங் லைனில் இருந்தவள்தான். அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கேக்கும் குக்கீஸும் செய்து கொடுக்க ஆரம்பித்தேன். நாள் முழுக்கக் குனிந்து தைத்த ஷூ எந்த ஊரில் எவன் காலுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. கேக் அப்படியில்லை. குழந்தை மெழுகுவத்தியை ஊதுவதை வீடியோ எடுத்து சாயங்காலமே அனுப்பிவிடுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே சோறு வடித்தால் எனக்குக் கை வலி தெரியாது. யார் சொன்னாலும் அந்தச் சந்தோஷத்தை விடுவதாக இல்லை.

மாமாவுக்கு அது பிடித்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வோர் ஆர்டருக்கும் டப்பாவை மூடுகிற நேரம் பார்த்து வருவார், குனிவார், ஒட்டுவார். ரோஜா இதழ் உடைந்திருக்கும், அல்லது பெயர் எழுதிய வரி மேலே ஏறியிருக்கும். இதில் எனக்குப் பெரிய எரிச்சலே, அம்பு காட்டும் இடத்தில் நிஜமாகவே குறை இருக்கும் என்பதுதான்.

போன ஈஸ்டருக்கு முட்டை வடிவத்தில் குக்கீஸ் செய்து, ஒவ்வொன்றிலும் ஐசிங்கில் பூப்போட்டுத் தட்டில் அடுக்கி வைத்தேன். சொந்தக்காரர்கள் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் காபி கொண்டு வருவதற்குள் தட்டைச் சுற்றிலும் அம்பு. ஒரு சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"மாமா, நீங்க ரிட்டயர் ஆவற ஞாயித்துக்கிழமை நான் ஒரு கேக் செய்றேன்" என்றேன். "அதுல ஒரு அம்பு ஒட்டிட்டீங்கன்னா மறுநாளே டிபன் பாக்ஸைத் தூக்கிக்கினு ஸ்டிச்சிங் லைனுக்குப் போயிடறேன். ஒட்டலைன்னா, இனிமே அந்த அட்டை என் அடுப்பங்கரைப் பக்கம் வரக்கூடாது."

"சரிம்மா" என்றார் மாமா.

என் வீட்டுக்காரர் கௌதமுக்குக் குக்கீ தொண்டையில் மாட்டிக்கொண்டது. கூட்டம் கலைந்த பிறகு மாமியார் சவுரியம்மாள் என்னிடம் வந்தார்.

"இன்னா புள்ள இப்டி வாயைக் குடுத்து மாட்டிக்கினே. அவரு ஒட்டாம இருக்க மாட்டாரு. எங்க கல்யாண ஆல்பத்துலயே ஒட்டி வெச்சிருக்காரு, என் மூஞ்சிக்கு நேரா." கொஞ்சம் நிறுத்திப் பெருமூச்சு விட்டார். "அத்த வுடு. ரிட்டயர் ஆயிட்டா நாள் பூரா இந்த மனுசனை வீட்ல வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன், அதைச் சொல்லு."

மே மாதம் கடைசியில் அந்த ஞாயிறு வந்தது. என்ன கேக் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாமா காலமெல்லாம் பார்த்த அதே பிரவுன் லேஸ் ஷூ. ஒற்றை ஷூ வைத்தால் நன்றாக இருக்காது, ஜோடியாகத்தான் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். கௌதம் வேலை செய்வது ஃபேக்டரியின் சாம்பிள் ரூமில். வெளிநாட்டுக் கம்பெனிக்கு மாதிரி காட்டுவதற்காகத் தனியாக ஷூ செய்கிற இடம் அது. அளவு எடுத்து அட்டையில் பேட்டர்ன் வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வாங்குகிற சம்பளத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கும் வெட்டட்டுமே என்று அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

கௌதம் லீவு போட, சனிக்கிழமை காலையிலேயே ஆரம்பித்தோம். ஆம்பூர் வெயிலில் க்ரீம் கண்ணெதிரே உருகி வழியும் என்பதால், படுக்கையறையில் ஏசியைப் போட்டு, கட்டில் மேல் பலகை வைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தோம். அவருக்கு ஒரு ஷூ, எனக்கு ஒரு ஷூ. சாக்லேட் கேக்கைப் பேட்டர்ன்படி செதுக்கி, ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவைத் தோல் மாதிரி தேய்த்து மேலே போர்த்தினோம். தையல் தெரிவதற்குத் தையற்காரர் கோடு போடும் பல்சக்கரம் புதிதாக ஒன்று வாங்கி உருட்டினேன். லேஸ் கோக்கும் ஓட்டைக்குச் சின்னச் சின்ன வெள்ளி மிட்டாய். அடிப்பாகத்துக்குக் கறுப்பு சாக்லேட். தையல் ஒன்றுகூட விலகக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். முடித்ததும் ஒரு ஷூ எங்கள் ஃப்ரிட்ஜில், இன்னொன்று எதிர்வீட்டு ஷஹீன் பானுவின் ஃப்ரிட்ஜில். ஒரே ஃப்ரிட்ஜில் இரண்டுக்கும் இடம் இல்லை.

ஷஹீன் என் லைன் தோஸ்த். பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைத்தவள். ஞாயிறு சாயங்காலம் ஒரு கையில் மக்கன் பேடா இனிப்பு டப்பாவும் மறு கையில் ஷூவுமாக வந்தாள். கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். மேசையில் இரண்டு ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். என் கண்ணுக்கு அவ்வளவு அழகு. ஒரு சின்னப் பெண் நிஜ ஷூ என்று நினைத்து, "சாப்பாட்டு மேசையில செருப்பு வெக்கக் கூடாது ஆன்ட்டி" என்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஷஹீன் மட்டும் சிரிக்கவில்லை. ஷூவைப் பார்த்தாள். தன் காலைக் குனிந்து பார்த்தாள். மறுபடி ஷூவைப் பார்த்தாள்.

"பிரிசில்லா" என்று என் காதோரம் வந்தாள். "இன்னாடி இது. ரெண்டும் லெஃப்ட்டு."

நானும் குனிந்து பார்த்தேன். ஆமாம். இரண்டு ஷூவும் ஒரே பக்கமாக வளைந்து நின்றன. ஷூ மூக்கின் மேல் இருந்த தையல், அந்த வெள்ளி மிட்டாய் எல்லாம் அப்படியே அச்சு. ஆனால் இரண்டும் இடது கால்.

கௌதமைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனேன்.

"வலது கால்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சா உங்களுக்கு?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "பேட்டர்னைத் திருப்பிப் போட்டிருந்தா ரைட்டு வந்திருக்கும் பிரிசி. எங்க ரூம்ல திருப்பற பழக்கமே கிடையாது. சாம்பிளுக்கு ஒரு கால்தானே அனுப்புவோம். வருஷம் பூரா லெஃப்ட்டுதான். கை அதுவா வெட்டிடுச்சு."

"நல்லா வெட்டுச்சு, போங்க."

"நீயும்தானே கூட உக்காந்து செஞ்சே."

அதுவும் சரிதான். தையலைப் பார்த்த கண் காலைப் பார்க்கவில்லை. ஒன்றை எடுத்து ஒளித்துவிடலாமா என்று கேட்டாள் பின்னாலேயே வந்த ஷஹீன். நான் வேகமாகக் கூடத்துக்கு வருவதற்குள் மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு மேசைக்கு எதிரே வந்து நின்றுவிட்டார்.

முதலில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். குனிந்தார். தையல் வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்துக்கொண்டே போனார். வெள்ளி மிட்டாய் ஒவ்வொன்றையும் பார்த்தார். அடிப்பாகத்தின் ஓரத்தில் சுண்டுவிரலை நீட்டி, தொடாமலே ஓட்டினார். பிறகு நிமிர்ந்து இரண்டு ஷூவையும் சேர்த்து ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. காலமெல்லாம் ஜோடி பார்த்த கண்ணுக்கு அது தப்புமா?

கை சட்டைப் பைக்குள் போனது. அட்டை வெளியே வந்தது. நகத்தால் ஓர் அம்பைப் பெயர்த்தார். போயிற்று, நாளைக்கு டிபன் பாக்ஸில் என்ன கட்டுவது என்றுகூட நான் யோசித்துவிட்டேன்.

மாமா அம்பை விரல் நுனியில் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தார். நேராகக் கௌதமிடம் போய், அவர் நெஞ்சில் ஒட்டினார்.

"குறை இங்க இருக்குது" என்றார்.

சித்தி முதலில் சிரித்தாள். அப்புறம் கூடமே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இது ஜோடி இல்லைம்மா, சாம்பிள். சாம்பிள்னா லெஃப்ட்டுதான் இருக்கணும். ரெண்டு செய்வோம். ஒண்ணு வாங்கறவங்க கிட்டப் போவும், ஒண்ணு ஃபேக்டரியில இருக்கும். சாம்பிளுக்கு அம்பு ஒட்ட மாட்டாங்க. ஓகேன்னா கையெழுத்துப் போடுவாங்க."

முந்தின நாள் ஃபேக்டரியில் தன் மேசையைக் காலி செய்தபோது கொண்டுவந்த, ஓகே ஆன சாம்பிளில் கட்டும் பச்சைச் சீட்டு ஒன்று அவர் பையில் இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டுக் கேக் பலகையின் ஓரத்தில் நூலால் கட்டினார். நாங்கள் ஜோடி என்று நினைத்துத்தான் செய்தோம் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஒரு நூல் விலகினாலும் விடாத மனிதர், எனக்காகச் சட்டத்தையே வளைத்துவிட்டார். அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருந்தது.

ஆனால் ஜெயித்தவள் சும்மா இருப்பாளா? எல்லோரும் கேக் தின்றுகொண்டிருந்தபோது அவர் முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

"பந்தயம் மாமா. அட்டை."

மறு பேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகு அவர் கை தானாகப் பைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாததால் திரும்பி வந்தது. அந்தக் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு ஆர்டர் இருக்குதாம்மா?" என்றார்.

"இருக்குது மாமா. ஜோலார்பேட்டையில ஒரு பர்த்டே."

"டப்பா மூடறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் பாத்தா நல்லது." தட்டில் இருந்த கேக்கையே பார்த்துக்கொண்டு சொன்னார். "காலைல ஃபேக்டரியில சங்கு ஊதுவான். ஊதினா நான் எங்க போறதுன்னு தெரியலைம்மா."

என் கோபம், வெற்றி எல்லாம் எங்கே போனதோ. இத்தனை நாளும் என் கேக்கைத் தேடித் தேடி வந்து பார்த்தவர் வீட்டில் இவர் ஒருவர்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அட்டையை அவர் சட்டைப் பையில் திரும்ப வைத்தேன்.

"சங்கு ஊதினதும் வந்துடுங்க மாமா. லேட்டா வந்தா கேட்டை மூடிடுவேன்."

திங்கட்கிழமை காலை டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனது நான் இல்லை, மாமாதான். கூடத்திலிருந்து அடுப்பங்கரைக்கு. எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்புகிற மாதிரி அடுப்பங்கரைக் கதவு வரை வந்து அனுப்பி வைத்த மாமியார் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சங்கு அப்போதுதான் ஊதி ஓய்ந்திருந்தது. உள்ளே வந்த மாமா கண்ணாடியைத் துடைத்தார், சுற்றிப் பார்த்தார், முதல் வேலையாக என் மாவு சல்லடையில் ஓர் அம்பை ஒட்டினார்.

சண்டை போடுவதற்காகவே எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் கம்பி அறுந்துதான் இருந்தது.