மாப்பிள்ளை வண்டியும் கம்பளிச் சால்வையும்

துவைத்த விரிப்புகளைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாகத் தானே போகும் அந்த வண்டிக்கு நர்சுகள் வைத்த பெயர் மாப்பிள்ளை. மெல்ல வரும், யாராவது எதிரே வந்தால் வெட்கப்பட்டு நின்றுவிடும், கொண்டுவந்த சுமையை மற்றவர்கள்தான் இறக்க வேண்டும். பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது.

அதைக் கொண்டுவந்து ஓடவிட்ட மெக்கானிக்குக்குக் கவலை வேறு. எல்லாருக்கும் நின்ற மாப்பிள்ளை, ஒரே ஒருத்தியை மட்டும் மூன்று நாளில் மூன்று முறை இடித்துவிட்டது. இடிபட்டவள் தலைமை நர்ஸ். வண்டியை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று எழுதிக் கொடுக்க வேண்டியவளும் அவள்தான். போதாக்குறைக்கு, மெக்கானிக்கின் மனைவியும் அவளேதான்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம்," என்றாள், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. "அப்பவும் இடிச்சா வண்டி கிளம்பிடும். புருஷன் கொண்டுவந்த வண்டின்னெல்லாம் பார்க்க மாட்டேன்."

"உன்னைத் தவிர எல்லாருக்கும் நிக்குதே, அதாம்மா புரியல."

"எனக்குப் புரியுதுங்க. வளர்ப்பு அப்படி."

மருந்து அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு நர்சுகள் அலமாரிக்குள் தலையை விட்டுச் சிரித்தார்கள்.

மெக்கானிக் சுவரைக் காட்டினார், நின்றது. குப்பைத் தொட்டிக்கு நின்றது. வாட்ச்மேனின் தொந்திக்கு மூன்றடி தள்ளியே மரியாதையாக நின்றது. தானே குறுக்கே போய் நின்று பார்த்தார். அதற்கும் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை வேறு வழி தெரியாமல், ஒரு ஸ்டூலைப் போட்டு மனைவி வேலை செய்வதைப் பார்க்க உட்கார்ந்தார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எழுதினாள். மாத்திரையைத் துப்பிய கிழவரைத் திட்டிக்கொண்டே அவர் தலையணையைச் சரிசெய்தாள். அவள் மேஜைக்கு நேர் மேலே ஏசி. அவள் தோளிலிருந்து முழங்கால் வரை தடித்த கம்பளிச் சால்வை.

"இந்தச் சால்வை எப்பலேருந்து?"

"ஏசி வச்ச நாள்லேருந்து. மூணு வருஷம் ஆச்சு."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னேன். 'உம்'னீங்க."

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. மாப்பிள்ளைக்குக் கண் கிடையாது. நம் காதுக்கு எட்டாத ஒரு சத்தத்தை முன்னால் அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்புகிறதா என்று கேட்டபடியே நகரும். சுவர் திருப்பி அனுப்பும், தொந்தியும் திருப்பி அனுப்பும். தடித்த கம்பளி விழுங்கிவிடும். வண்டியைப் பற்றிய பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான், அன்றைக்கும் 'உம்' சொல்லியிருப்பார். இத்தனை நாள் வீட்டில் தாம் எந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று யோசித்தார். கிடைத்த பதில் அவருக்கே பிடிக்கவில்லை.

முதலில் ஏணி கொண்டுவந்து, ஏசியின் காற்று சுவர்ப்பக்கம் போகும்படி திருப்பிவிட்டார். பிறகுதான் வண்டி. அதன் முகப்பில் ஒரு ரப்பர் பட்டையை ஒட்டினார்; லேசாக அழுந்தினாலே தெரிந்துகொள்ளும் சுவிட்சுகள் அதற்குள் இருந்தன. மேஜைப் பக்கம் வந்தால் நத்தை வேகத்தில் போகும்படியும் செய்தார்.

மத்தியானம் அவள் சால்வையைக் கழற்றப் போனாள். "இப்பதான் குளிரலையே."

"போட்டுக்கிட்டே நில்லு. கழட்டிட்டா அது கள்ள ஆட்டம்."

அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு வண்டிக்கு முதுகு காட்டி நின்றாள். மாப்பிள்ளை வந்தது. சத்தம் அனுப்பியது, ஒன்றும் திரும்பவில்லை, வந்துகொண்டே இருந்தது. நர்சுகள் அலமாரியை விட்டு எட்டிப் பார்த்தார்கள். கன்றுக்குட்டி மூக்கால் தொடுகிற மாதிரி சால்வையைத் தொட்டது. நின்றது. அரையடி பின்வாங்கியது.

அவள் மேஜைக்குப் போய், படிவத்தில் "இருக்கட்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"தொட்ட உடனே புரிஞ்சுக்குது. இதே பட்டை வீட்டுக்கும் ஒண்ணு கிடைக்குமாங்க?"

'உம்' உதடு வரை வந்துவிட்டது. விழுங்கினார். "மூணு வருஷம் முன்னாடி என்ன சொன்னே? முதல்லேருந்து சொல்லு."

அவள் சால்வையை மடித்து நாற்காலியில் போட்டுவிட்டு ஆரம்பித்தாள். சாப்பாட்டு நேரம் முழுக்கச் சொல்லியும் போதவில்லை. நடுவில் மாப்பிள்ளை இரண்டு முறை வந்து, அவர்களுக்குக் குறுக்கே போகாமல் நின்று காத்திருந்தது.