சாயங்காலச் சொட்டு

அப்பா தைத்த சட்டைப் பை கோணலாக இருந்தது. நான் நம்பவில்லை. துணியில் அவர் சாக்கட்டியால் கோடு இழுத்தால் ஸ்கேலே வெட்கப்படும். கண்புரை ஆபரேஷன் ஆகி, எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்ட மனுஷனுக்கா கை கோணும்? கேட்டால் துணி நழுவுகிறது என்றார். பிறகு டியூப் லைட்டைத் திட்டினார். கடைசியில், பட்டன் தைத்துக்கொண்டிருந்த என்மேல் பாய்ந்தார்.

"நீதான் மேசைய ஆட்டுற."

"மேசை சுவரோட ஒட்டிக் கிடக்குப்பா."

இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு, ஆபரேஷன் ஆன வலக்கண்ணால் கோட்டைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. "நடுவுல நெளியுது" என்றார். அந்தத் தையல் கடைதான் எங்களுக்குச் சோறு. அதைவிட, கோடு நேராக வராவிட்டால் அப்பா அப்பாவாகவே இருக்க மாட்டார்.

மறுநாளே அம்மாவும் நானும் அவரை, ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர், விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது என்றார்.

"கண் பிரஷருக்குச் சாயங்காலம் போட்ட பழைய சொட்டு மருந்த நிறுத்திட்டீங்கதானே?"

அம்மா முந்திக்கொண்டாள். "அதெப்படிம்மா நிறுத்துவோம்? ஒருநாள்கூட நான் விட்டதில்ல. காலையில போட நீங்க கொடுத்த புதுசையும் சேர்த்துத்தான் போடுறேன்."

"அதுக்குப் பதிலாத்தாம்மா இது. ஆபரேஷன் ஆன கண்ணுல அந்தப் பழைய மருந்து சிலருக்கு இப்படி வீக்கத்தக் கொண்டு வந்துடும். கொஞ்ச நாளைக்கு வேண்டாம்னு இவர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. நீங்க அப்போ மருந்துக் கடையில நின்னுட்டிருந்தீங்க."

அப்பா சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. காலைச் சொட்டை அம்மா சமையலறை வாசலிலேயே, கையில் கரண்டியோடு, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் ஊற்றிவிட்டுப் போய்விடுவாள். சாயங்காலச் சொட்டு அப்படியில்லை. கடையை அடைத்து வந்ததும் அப்பா கட்டிலில் அவள் மடியில் தலை வைத்துப் படுப்பார். சொட்டு விட்டபின் மருந்து தொண்டைக்கு இறங்காமலிருக்க மூக்கோரம் ஒரு விரலை வைத்து அழுத்திக்கொண்டே, தெருக்கதையெல்லாம் சொல்வாள். மற்ற நேரமெல்லாம் எலியும் பூனையுமாக இருக்கும் இருவரும் அப்போது மட்டும் குழைந்து கிடப்பார்கள். பல வருஷப் பழக்கம்.

"பெரும்பாலும் வத்திடும். எவ்வளவு தெளியும்னு போகப் போகத்தான் தெரியும்" என்று டாக்டரம்மா வீக்கத்துக்கு வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சொல்லல?"

அப்பா செருப்பைக் கழற்றுவதில் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். "சொன்னா, அப்புறம் நீ எதுக்கு வந்து உட்காரப் போற?"

"கண்ண விடவா இது பெருசு? புத்தி கெட்ட மனுஷன்." திட்டிக்கொண்டே பழைய சொட்டுப் புட்டியைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

சாயங்காலம் அப்பா கடையை அடைத்துவிட்டு வந்து, யார் வீட்டுக்கோ வந்தவர்போல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அன்றைக்குப் போட வேண்டிய புது மருந்துகள் பகலோடு முடிந்திருந்தன. அம்மா கட்டிலில் ஏறி உட்கார்ந்து மடியைத் தட்டினாள்.

"வாங்க. மருந்து இருந்தாத்தான் படுக்கணுமா?"

படுத்தார். வெறும் கையோடு இருந்தாலும் அவள் விரல் தானாகவே அவர் மூக்கோரம் போய் அழுத்தியது. அப்பா இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு கதவு நிலையைப் பார்த்தார்.

"நேரா இருக்கா?"

"இன்னும் நெளியுது."

"நாளைக்குப் பார்ப்போம்" என்றாள் அம்மா. விரலை எடுக்கவில்லை.