தாணு பேரில் ஒரு தண்ணீர்ப்பந்தல்

ஊரெல்லாம் வெள்ளக்காடாகக் கிடந்த ஆடி மாதத்தில்தான் சிவகாமியம்மாளின் ஒரே மகன் தாணு தண்ணீர் கேட்டுக் கேட்டுச் செத்தான். விஷக்காய்ச்சல். பச்சைத்தண்ணீர் உள்ளே போனால் ஜன்னி கண்டுவிடும் என்று வைத்தியர் மிரட்டியிருந்தார். பெற்றவள் குடத்தை அடுத்த அறையில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

காரியங்கள் முடிந்தும் அவன் போகவில்லை. உச்சிவேளையானால் உள்ளறையிலிருந்து, "அம்மா, ஒரு மடக்கு" என்று குரல் வரும். செம்பு நிறைய வைத்துப் பார்த்தாள்; தண்ணீர் அப்படியே இருந்தது. ஓமம், சாந்தி, தகடு என்று பணம் கரைந்ததே தவிர குரல் நிற்கவில்லை. அவள் பாதி உயிராகிவிட்டாள்.

சாலைக்கடையில் அரிசி வியாபாரம் செய்த தம்பி கோலப்பன் ஒரு வழி சொன்னான். "அக்கா, தாணு பேர்ல ஒரு தர்மம் எழுதி வச்சிருவோம். கோடையில தண்ணீர்ப்பந்தல். நாலு பேருக்குத் தொண்டை நனைஞ்சா பயலுக்கும் தாகம் அடங்கும்."

தன் தென்னந்தோப்பை அவள் அப்படியே எழுதிக் கொடுத்தாள். அதன் வருமானம் தாகத்துக்கு மட்டுமே, வேறெதற்கும் தொடக்கூடாது என்பது ஏற்பாடு.

பங்குனியில் பழவங்காடிக்குப் பக்கத்தில் பந்தல் எழும்பியது. கோலப்பன் கெட்டிக்காரன் அல்லவா! நாம் ஊற்றினால் கோட்டைக்குள் இருக்கும் ஐயர்மார் குடிக்க மாட்டார்கள் என்று, ஊற்றுவதற்குப் பஞ்சாபகேசய்யரையே அமர்த்திவிட்டான். அவர் கையால் யாரும் வாங்கிக் குடிக்கலாம். முதல் நாளே நல்ல கூட்டம். ஊர் மெச்சியது.

அன்று உச்சியிலும் குரல் வந்தது. முன்னைவிடப் பலமாக.

சிவகாமியம்மாள் தாங்க மாட்டாமல் வெயிலில் இறங்கி நடந்தாள். பந்தலுக்கு எதிரே, மரத்தடியில், புல்லுக்கட்டை இறக்கிவிட்டு ஒருத்தி நின்றிருந்தாள். சேரியிலிருந்து வந்து புல் விற்கிற எலிசாள்.

"அம்மா, ஒரு மடக்கு" என்றாள் எலிசாள்.

சிவகாமியம்மாள் திரும்பிப் பார்த்தாள். அதே சொல், அதே இழுப்பு.

"அவ காலம்பறேருந்து நிக்கறா. நான் எப்படி அவளுக்கு ஊத்தறது? நீங்களே சொல்லுங்கோ" என்றார் ஐயர்.

சிவகாமியம்மாள் செம்பில் மொண்டுகொண்டு போய், எலிசாளின் குவிந்த கைகளில் ஊற்றினாள். அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தச் செம்பையே திரும்பவும் பானைக்குள் விட்டு மொண்டாள்.

வரிசை கலைந்தது. ஐயர் துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார். ஓடி வந்த கோலப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "அக்கா, தர்மத்தையே குட்டிச்சோறாக்கிட்டியே! இனி எவன் வருவான்?"

"தாகம் உள்ளவன் வருவான்."

மறுநாள் உச்சியில் உள்ளறை வாசலில் காத்திருந்தாள். குரல் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. எதற்காகத் தோப்பையே கொடுத்தாளோ அது நடந்துவிட்டது. ஆனாலும் வாய்விட்டு அழுதாள். மகன் செத்த அன்றுகூட அப்படி அழுததில்லை.

அதற்குப் பிறகு பந்தலில் ஊற்றுவது அவளே. யாராவது வந்து பேசாமல் கையைக் குவித்தால் ஊற்ற மாட்டாள்.

"வாயைத் திறந்து கேளு மக்கா" என்பாள்.

கேட்கும்வரை செம்பைப் பிடித்தபடி நிற்பாள்.