உப்பில்லாத பொடி

அலமாரியின் மேல்தட்டில், பால் பவுடர் டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். பொடிப் பாட்டில் அங்கே இல்லை. ஸ்டூலில் ஏறி நின்று இன்னொரு முறை தேடினாள். காலையிலிருந்து அதை எடுத்துத் தொட்டியில் கொட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் சமையலறையை விட்டு நகர்ந்தால்தானே? அப்பாவை வழியனுப்பிவிட்டு எல்லோரும் திரும்பி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

“இதையா தேடுற?”

அத்தையின் கையில் பாட்டில் இருந்தது. அப்பாவின் தங்கை. எந்த வீட்டில் எது நடந்தாலும் முதல் ஆளாகப் போய் அடுப்படியைப் பிடித்துக்கொள்வாள். எதிரே பெரிய பாத்திரத்தில் வெள்ளரிக்காயும் வேகவைத்த உருளைக்கிழங்கும் தயிரில் கிடந்தன. பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“நாக்குல வச்சுப் பாத்தேன், அபாரம். தனியா உப்பே வேண்டாம். எல்லாம் இதுலயே இருக்கு.”

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

அந்தப் பொடியில் உப்பு இருக்கவே கூடாது. அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடைகளில் உருளைக்கிழங்கோடு தரும் ராஞ்ச் என்கிற வெள்ளைச் சாஸ் என்றால் அவருக்கு உயிர். வீட்டோடு உட்கார்ந்த பிறகும் பாக்கெட்டில் வரும் ராஞ்சுப் பொடியை வாங்கித் தயிரில் கலக்கித் தின்றுகொண்டிருந்தார். இதயம் தளர்ந்துவிட்டது, உப்பைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே, அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தாள். படித்துவிட்டுக் குப்பையில் போட்டாள். மறுநாள் தானே செய்ய உட்கார்ந்தாள்.

அம்மா மருந்துக் கடையில் வேலை பார்த்தவள். அந்தச் சாஸுக்கு வேண்டிய மோர்ப்பொடி கிடைக்காததால் பால் பவுடரும் இரண்டு சொட்டு எலுமிச்சையும் என்று முடிவு செய்தாள். பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, மிளகு, காய்ந்த கீரை வகைகள் என்று ஒவ்வொன்றையும் ஸ்பூனில் அள்ளி, கத்தியின் முதுகால் வழித்து மட்டமாக்கித்தான் போடுவாள். ருசி மட்டும் பார்க்க மாட்டாள். மருந்தை யாராவது ருசி பார்ப்பார்களா என்பாள். பாட்டிலில் தேதி எழுதி, ‘உப்பு இல்லை’ என்று அடிக்கோடிட்டு ஒட்டினாள்.

அப்பா ஒரு வாய் தின்றுவிட்டு, “உருளைக்கிழங்குக்கு வெள்ளையடிச்சிருக்கியா?” என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே மகளைக் கூப்பிட்டார். முப்பத்திரண்டு வயதாகியும் அவருக்கு அவள் கிளீனர்தான். “கிளீனர், ஒரே ஒரு சிட்டிகை. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.”

ஒரு வாரம் முடியாது என்றாள். அவர் தட்டைப் பாதியில் நகர்த்தத் தொடங்கினார். அதைப் பார்க்கச் சகிக்காமல் உப்பை மிக்ஸியில் மாவாக அரைத்து, பால் பவுடரோடு நிறம் ஒத்துப்போகும்படி செய்து, பாட்டிலில் போட்டுக் குலுக்கினாள். அதை நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடப் பயம். அடுத்த நாள் அப்பா தட்டை வழித்துத் தின்றுவிட்டுக் கண்ணடித்தார். சிட்டிகையில் ஆரம்பித்தது மூன்று மாதத்தில் அரை ஸ்பூனில் வந்து நின்றது.

அப்புறம் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நின்றது. ஆஸ்பத்திரியில் டாக்டர், “சாப்பாட்டுல உப்பு சேந்துச்சா?” என்று கேட்டு முடிப்பதற்குள் அம்மா, “ஒரு சிட்டிகைகூட இல்ல டாக்டர்” என்றாள். மகள் தரையின் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அப்பா போய்விட்டார். நான்தான் கொன்றேன் என்கிற ஒன்றைத் தவிர வேறெதுவும் அவளுக்குள் ஓடவில்லை.

இன்று காலையிலிருந்து அவருடைய மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. உள்ளறையிலிருந்து அதே இழுப்பு. இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டாள். கட்டிலில் உறையைக் கழற்றிய தலையணை மட்டும் கிடந்தது. திரும்பி நடந்தால் காதோரத்தில் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றது குரல். ஆஸ்பத்திரிக் குரல் அல்ல; இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய பழைய குரல்.

அத்தை ஒரு கிண்ணத்தில் எடுத்துப் போட்டாள். “அண்ணி பல்லுல ரெண்டு நாளா பச்சத் தண்ணி படல. முதல்ல அவங்களுக்குக் குடுக்கறேன்.”

“வேண்டாம் அத்தை. அம்மாவுக்கு ரொட்டி போதும்.”

“நீ சும்மா இரு. எங்கண்ணனுக்குப் புடிச்சது, அண்ணி ஒரு வாயாவது சாப்பிடட்டும்.”

கிண்ணத்தோடு போன அத்தையின் பின்னாலேயே ஓடினாள். அம்மா உள்ளறையில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அத்தை கிண்ணத்தை அவள் மடியில் வைத்தாள்.

“உங்க கைப்பொடிதான் அண்ணி. உப்பெல்லாம் கச்சிதம்.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் வாசலில் யாரோ தட்டு கேட்க, அத்தை போய்விட்டாள். அம்மா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மெல்லவில்லை. நாக்கிலேயே வைத்திருந்தாள்.

“கதவச் சாத்து.”

சாத்தினாள். தாழ்ப்பாளையும் போட்டாள்.

“நான் கால் ஸ்பூன்தான் போட்டேன்” என்றாள் அம்மா.

“என்னம்மா?”

“உப்பு. பாட்டிலுக்கு மட்டமா ஒரு கால் ஸ்பூன். அதுக்கு மேல ஒரு துளி இல்ல. அந்த மனுஷன் கெஞ்சினா நான் என்ன செய்யறது? கிளீனருக்கு மட்டும் தெரிய வேண்டாம், அவ கத்துவான்னார். டாக்டர்கிட்டயும் வாய் கூசாம பொய் சொன்னேன்.” வாயில் இருந்ததை விழுங்கினாள். “ஆனா இது கால் ஸ்பூன் இல்லயே. எனக்குக் கை தவறிடுச்சா?”

அப்பா இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார். இரண்டு பேரிடமும் வாங்கியிருக்கிறார்.

சொல்லாமல் இருந்துவிடலாம். இருந்தால், கை தவறிவிட்டது என்று அம்மா மிச்சக் காலம் முழுக்க அந்த ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருப்பாள். சொன்னால், அந்தப் பாட்டிலில் மொத்தம் எவ்வளவு இருந்தது என்பது இரண்டு பேருக்குமே தெரிந்துவிடும். அம்மா கிண்ணத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

“மீதி நான்தாம்மா.”

அம்மா அவளையே பார்த்தாள். ஓங்கி ஓர் அறை விட்டால் தேவலை என்று இருந்தது. அம்மா கிண்ணத்தைத் தரையில், இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

“உக்காரு. சாப்பிடு.”

ஆளுக்கொரு துண்டாகச் சாப்பிட்டார்கள். அடியில் தேங்கிய தயிரை அம்மா விரலால் வழித்து நக்கினாள். சற்று நேரத்தில் உப்பில் இருவருக்கும் தொண்டை வறண்டது. தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. யாரும் எடுக்கவில்லை.