மெத்தையின் அவசர பிரேக்

டிப்போவில் அவளுக்கு மெத்தை என்று பெயர். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் புத்தி. அவள் பிரேக் போடுகிற விதத்தைப் பார்த்து வைத்தது அது. அவள் ஓட்டும் பேருந்தில் நின்றுகொண்டே தூங்கலாம், கையில் நிரம்பிய டம்ளரோடு ஏறி ஒரு சொட்டுச் சிந்தாமல் இறங்கலாம் என்று பயணிகள் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், ஆனால் பொய் இல்லை.

அப்படிப்பட்டவள் இப்போது மாதக்கணக்கில் கட்டிலும் நாற்காலியுமாகக் கிடந்தாள். இரண்டு சிறுநீரகமும் கைவிரித்துவிட்டதால் நாத்தனார் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். பழைய இரண்டும் முதுகுப் பக்கம் செத்துக் கிடக்க, புதியதை முன்பக்கம், வலது அடிவயிற்றில், தோலுக்குச் சற்றே உள்ளே வைத்துத் தைத்திருந்தார்கள். வாசலிலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்ட விருந்தாளி மாதிரி. போகிற வருகிறவர்கள் மிதித்துவிடுவார்களோ என்று வீட்டுக்காரிக்குத் தூக்கம் வருமா?

மெத்தைக்கு வரவில்லை. எந்நேரமும் வலது கை அந்த இடத்தை மூடியிருந்தது. கீழே ஸ்பூன் விழுந்தால் குனிய மாட்டாள். மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்குப் போயிருக்கும் கணவர் வந்து எடுக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். தும்மல் வந்தால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்வாள். தையல் ஆறிவிட்டது, உள்ளே எல்லாம் ஒட்டிவிட்டது, நடங்கள், படி ஏறுங்கள், வேலைக்குப் போங்கள் என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொன்னார். சும்மா உட்கார்ந்திருந்தால்தான் ஆபத்து என்றும் சொன்னார். மெத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள்.

டாக்டர் சொல் ஏறாததற்குக் காரணம், அங்கே வேறொரு சொல் முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்ததுதான். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய அன்று நாத்தனார், தானே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, மெத்தையின் வயிற்றைக் காட்டி எல்லோர் முன்னாலும் சொன்னாள்:

"அண்ணி, என் பொண்ணை உங்க வீட்டுக்குக் கட்டிக் கொடுத்திருக்கேன். ஆட்டாம அசைக்காம வச்சுக்கங்க. ஏதாவது ஆச்சு, நேரா வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்!"

நர்ஸ்கூடச் சிரித்தாள். மெத்தையும் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் எலியும் பூனையுமாக இருந்தவர்கள். ஒருத்தி துணி மடித்தால் மற்றவள் பிரித்து மடிப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு வார்த்தை கேட்காமல் வயிற்றைக் கிழித்துக் கொடுத்ததை எந்தக் குலுக்கலில் உடைத்துவிட்டு எந்த முகத்தோடு அவள் முன்னால் போய் நிற்பது?

இந்த நிலையில்தான் டிப்போவிலிருந்து பயிற்சி அதிகாரி போன் செய்தார். மறுபடி வண்டி ஓட்ட வேண்டுமானால் மாதக் கடைசிக்குள் வந்து ஓட்டிக் காட்ட வேண்டும். யார்டில் ஒரு சுற்று, பிறகு வேகமாக வந்து வெள்ளைக் கோட்டில் அவசர பிரேக். முடியாதென்றால் டிக்கெட் கவுன்ட்டரில் நிரந்தரமாகப் போட்டுவிடுவார்கள்.

அவசர பிரேக் என்றதும் மெத்தையின் வலது கை அந்த இடத்தை இன்னும் இறுக்கி மூடியது. வண்டி நிற்கும், உடம்பு முன்னால் பாயும், சீட் பெல்ட் வந்து இறுக்கும். எங்கே இறுக்கும்? வாசலில் படுத்திருக்கும் விருந்தாளி மேல்தான்.

"ஏங்க, கவுன்ட்டரே போதும்னு சொல்லிடட்டுமா?" என்று கணவரைக் கேட்டாள்.

"சொல்லிடு, சொல்லிடு. நல்லதாப் போச்சு" என்றார் அவர், கேள்வி முடிவதற்குள்.

அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்ததும் மெத்தைக்குச் சுருக்கென்றது. கவுன்ட்டர் வேண்டாம் என்று சொல்வார், இவ்வளவு நாள் ஓட்டினவளாயிற்றே என்று ஒரு பேச்சுக்காவது சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தாள். தன்னை இந்த வீட்டில் எல்லோரும் பீங்கான் தட்டாக்கி அலமாரியில் ஏற்றிவிட்டார்கள், ஏற ஏணி போட்டுக் கொடுத்தது தானேதான் என்று அப்போதுதான் உறைத்தது. கோபம் வந்தது. அவர் மேல் பாதி, தன் மேல் பாதி.

மறுநாள் கணவர் கடைக்குக் கிளம்பியதும் ஒரு ஸ்பூனை எடுத்து வேண்டுமென்றே கீழே போட்டாள். அதையே கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக் குனிந்தாள். அடிவயிறு மடிந்தது, உயிர் தொண்டைக்கு வந்தது, ஸ்பூன் கைக்கு வந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதை நம்ப முடியாமல் மறுபடி போட்டு மறுபடி எடுத்தாள்.

அடுத்து மாடிப்படி. உட்கார்ந்தே இருந்ததிலும் மாத்திரையிலும் தொடை இரண்டும் பஞ்சாகியிருந்தன. முதல் திருப்பத்திலேயே முழங்கால் வெடவெடவென்று ஆடியது. "கிளட்ச் தேஞ்சு போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று காலைத் திட்டினாள். மேல் வீட்டுக்காரர் லிப்ட் வேலை செய்கிறதே என்று கரிசனமாகச் சொன்னார். "தெரியும், அதை நீங்க வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு ஏறினாள். தினமும் ஏறினாள். நாற்காலியில் கையூன்றாமல் எழுந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். ஒரு நாள் மூச்சு வாங்காமல் மொட்டை மாடிவரை போய்விட்டு, அங்கே யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதாள்.

ஆனாலும் வலது கை மட்டும் வயிற்றை விட்டு வரவில்லை. ஒரு கையால் எந்தப் பேருந்தை ஓட்ட முடியும்? அதற்கு ஒரு ஆளிடம் போயாக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது.

நாத்தனாரின் சலவைக் கடையில் ஆவியும் சோப்பு வாசனையுமாக இருந்தது. அவள் ஈரப் படுக்கை விரிப்புகளை மூட்டையாக வாரித் தோளில் போட்டுக்கொண்டு உலர்த்தும் இயந்திரத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். கொடுத்தவள் மூட்டை தூக்குகிறாள், வாங்கினவள் ஸ்பூன் எடுக்கப் பயப்படுகிறாள். மெத்தைக்கு வெட்கமாக இருந்தது.

"ஓட்டிக் காட்டச் சொல்றாங்க. அவசர பிரேக் அடிச்சா பெல்ட் அங்கதான் அழுத்தும். டாக்டர் பரவாயில்லைங்கறார். உன்னோடதாச்சே, உன்னை ஒரு வார்த்தை கேக்கலாம்னு..."

"என்னோடதா? என்ன அண்ணி உளர்றீங்க?"

"நீதானே ஆட்டாம அசைக்காம வச்சுக்கச் சொன்ன?"

நாத்தனார் மூட்டையை அப்படியே தரையில் போட்டாள். "அடக் கடவுளே! அதுக்காகவா இத்தனை மாசமா பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? கிண்டலைக் கிண்டலா எடுத்துக்க உங்களுக்கு என்னைக்காவது தெரிஞ்சிருக்கா?"

"நீ கிண்டல் பண்றியா குத்திக்காட்டுறியான்னு எனக்கு என்னைக்குத் தெரிஞ்சுது?"

நாத்தனார் குனிந்து மூட்டையை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டாள். "கட்டிக் கொடுத்த பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு. வேலை வாங்குங்க. நானும் வரேன் டிப்போவுக்கு" என்றாள்.

அனுமதி கிடைத்தால் பயம் போய்விடுமா? அது காதில் குடியிருக்கவில்லையே, அடிவயிற்றில் அல்லவா குடியிருந்தது. ஓட்டிக் காட்டும் நாளன்று பேருந்தின் படியில் கால் வைத்தபோது அதுவும் கூடவே ஏறியது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் இரண்டு கையும் தாமாகவே தங்கள் இடத்துக்குப் போய்விட்டன. எஞ்சின் உறுமியது. கிருமி தொற்றாமலிருக்க டாக்டர் போடச் சொன்ன முகக்கவசத்துக்குள் மெத்தை பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பயிற்சி அதிகாரி வண்டிக்குள் அவள் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றார். நாத்தனார் யார்டின் ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கு அருகே நின்றாள். வளைவுகள் வெண்ணெயாகப் போயின. பிறகு நேர்ப் பாதை, வேகம், தூரத்தில் வெள்ளைக் கோடு. "இப்போ!" என்றார் அதிகாரி. மெத்தை மிதித்தாள். வண்டி முக்கி நின்றது, பெல்ட் இறுக்கித் தளர்ந்தது.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "கோட்டுலயே நிக்குதும்மா. பிரமாதம். அடுத்த வாரமே வந்துடலாம்."

மெத்தைக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. மிதித்த அந்தக் கணத்தில் அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். அவரோ கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டால் வண்டி அவளுடையது. ஆனால் சாலையில் பிரேக் மிதிக்கிற நேரத்தில் ஓட்டுகிறவள் கண்ணை மூடினால், பின்னால் நின்றபடி தூங்குகிறவர்கள் யாரை நம்பித் தூங்குகிறார்கள்?

"சார், நான் கண்ணை மூடிட்டேன்."

"அதனால என்ன, கோட்டுல நின்னுச்சே?"

"நின்னது வண்டி. நான் அங்க இல்ல. இன்னொரு தடவை போறேன்."

"யோசிச்சுக்கங்க. இப்போ தப்பாச்சுன்னா அதைத்தான் நான் எழுதணும்."

"எழுதுங்க."

இதைக் கேட்டுக்கொண்டே நாத்தனார் பின் கதவு வழியாக ஏறிவிட்டாள். "ஆளே இல்லாத வண்டில என்ன பிரேக்? பயணி வேணாமா?" என்று முதல் வரிசையில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மறுபடி நேர்ப் பாதை. மறுபடி வேகம். இமை துடித்தது. மூடு மூடு என்று உடம்பு முழுவதும் கெஞ்சியது. முடியாது என்றாள் மெத்தை. வெள்ளைக் கோடு வந்தது. அதில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பையும் பக்கத்தில் கிடந்த எண்ணெய்க் கறையையும் பார்த்தாள், பார்த்துக்கொண்டே மிதித்தாள். பெல்ட் பிடித்தது. அதே இடத்தில்தான் பிடித்தது. அழுத்தியது, தளர்ந்தது. அவ்வளவுதான். இதற்கா இத்தனை மாதம்!

வண்டி நின்றிருந்தது. அவளும் அங்கே இருந்தாள்.

பழக்கதோஷத்தில் பயணியைப் பார்க்கத் தலைக்கு மேலிருந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போதுகூட நர்ஸைக் கேலி செய்துகொண்டே போன நாத்தனார், கம்பியில் நெற்றியை வைத்து, இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சொன்னது கிண்டல் மட்டும் இல்லை என்று மெத்தைக்கு இப்போது புரிந்தது.

"அண்ணி... முடிஞ்சுதா?" என்றாள் நாத்தனார், சின்னக் குரலில்.

"முடிஞ்சுது. ஒண்ணும் ஆகல. கண்ணைத் திற" என்றாள் மெத்தை.