நாற்பத்தொரு கடிதங்கள்

காப்புரிமை அலுவலகம் திறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு மேசை, ஓர் அலமாரி, சுவர்க் கடிகாரம், வாசலுக்கு வெளியே ஒரு பெஞ்சு. மனு வாங்கிய நேரத்தை நிமிஷம் உட்பட எழுத வேண்டும் என்பதால் எழுத்தர் காலையில் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார். அதன் பிறகு பாதி நாள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. சட்டம் புதிது. வருகிறவர்களுக்கும் தெரியாது, அலுவலகத்துக்கே பாதிதான் தெரியும்.

அன்று ஒரு பட்டறைக்காரர் வந்தார். விரல்களில் கரி ஏறிப்போன ஆள். கூடவே அவர் மனைவியின் தம்பி, தோளில் துணிப்பையுடன். வந்ததும் பையை மேசைமேல் கவிழ்த்தான். எல்லாம் கடிதங்கள்.

"நாப்பத்தொண்ணு சார்," என்றான் மைத்துனன். "வீடு வீடா அலைஞ்சு வாங்கினது. செருப்பு தேஞ்சதுதான் மிச்சம்."

பட்டறைக்காரர் செய்திருந்தது கிணற்றுக் கப்பிக்கு ஒரு பல். கயிற்றை இழுத்தால் வழிவிடும். கை நழுவினால் கவ்விக்கொள்ளும், வாளி அந்தரத்தில் நிற்கும். மூன்று வருஷமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் செய்து மாட்டிக் கொடுத்திருந்தார். போன மாதம் பெரிய இரும்பு வார்ப்பு ஆலை ஒன்று அதையே அச்சில் ஊற்றி விற்க ஆரம்பித்துவிட்டது. அதை நிறுத்த வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தார்.

எழுத்தர் மேலே கிடந்த கடிதத்தைப் பிரித்தார். 'மூன்று வருடமாக எங்கள் கிணற்றில் இந்தக் கப்பிதான். செய்தவர் இவர்தான் என்று எங்கு வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.' அடுத்ததும் அதேதான். மூன்றாவது ஆள் கப்பியின் படமே போட்டிருந்தார். நன்றாகவும் போட்டிருந்தார்.

கையில் எடுத்த முத்திரையை எழுத்தர் கீழே வைத்தார்.

"இதையெல்லாம் யார் கொண்டுவரச் சொன்னது?"

"யாரும் சொல்லலை சார். நிலத் தகராறுன்னா நாலு சாட்சி கேப்பாங்க. இதுக்கு நாப்பது இருக்கட்டுமேன்னு நான்தான்."

"நிலம் வேற. மனு போடறதுக்கு முன்னாடியே ஊருக்குத் தெரிஞ்சிருந்தா இங்கே உரிமை கிடையாது. தெரியும்னு நாப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க."

மைத்துனன் கடிதங்களை மெல்லத் தன் பக்கம் இழுத்தான். "அப்ப இதை நீங்க பார்க்கவே இல்லைன்னு வெச்சுக்கலாமே."

"முன்னாடியே வெளியே தெரியுமான்னு மனுவிலேயே கேள்வி இருக்கு. பொய் எழுதுவீங்களா?"

பட்டறைக்காரர் அப்போதுதான் வாய் திறந்தார். "பூட்டி வெச்சிருந்தா என்னுது. கொடுத்துட்டதால என்னுது இல்லை."

"ஆமா."

"ஆலைக்காரன்?"

"அவனும் செய்யலாம். யார் வேணும்னாலும் செய்யலாம். ஆனா அவன் பேருக்கும் உரிமை கிடைக்காது."

எழுத்தர் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது என்பது விதி. கேள்வி கேட்பதற்கு விதி எதுவும் இல்லை.

"யாருமே பார்க்காதது ஏதாவது இருக்கா?"

"இவர்கிட்டயா?" என்றான் மைத்துனன். "மாமா பல் விளக்கறதைக்கூட நாலு பேரைக் கூட்டி வெச்சுத்தான் விளக்குவார்."

"சும்மா இரு மாப்ளே." பட்டறைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "வாளியை இறக்கணும்னா பல்லைக் கையால தூக்கணும். அதுல ஒருத்தருக்கு விரல் நசுங்கிடுச்சு. முந்தாநாள் ஒரு சின்ன வேலை பண்ணினேன். கயித்தை ஒரு சுண்டு சுண்டினா பல் தானா விலகிக்கும்."

"யார் பார்த்தாங்க?"

"யாரும் இல்லை. இவன் கடுதாசிக்கு அலைஞ்சிட்டிருந்தான்."

"அதை மட்டும் எழுதுங்க. படமும் வேணும்."

"மூணு வருஷ வேலை ஊருக்கு. முந்தாநாள் வேலை எனக்கு."

எழுத்தர் புதுப் படிவம் ஒன்றை நீட்டினார்.

பட்டறைக்காரர் அதை எடுத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். திறந்த கதவு வழியாக எழுத்தருக்கு அவர் தெரிந்தார். பெஞ்சில் ஏற்கெனவே ஒரு சோப்புக்காரர், தன் வணிகக் குறியைப் பதிய வந்தவர், காத்திருந்தார். அவர் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே வரையறீங்க?"

பட்டறைக்காரர் முகம் மலர்ந்தது. பென்சிலைத் தூக்கிக் காட்டி ஏதோ சொல்ல வந்தார். பிறகு படிவத்தைக் குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"சும்மாதான் கேட்டேன். சொன்னா குறைஞ்சா போயிடும்?"

"போயிடுமாம்," என்றார் பட்டறைக்காரர்.

சோப்புக்காரர் பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்துகொண்டார். பட்டறைக்காரர் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வரைய ஆரம்பித்தார்.