மேகம் மூடிய கட்டம்

வியாழக்கிழமை காலை எட்டு மணி ஆனால் தம்பியின் போன் வந்துவிடும். நலமா என்பதும் கிடையாது, சாப்பிட்டாயா என்பதும் கிடையாது.

"என்ன பருந்தம்மா, என் கிழவிங்க முழிச்சிருக்கலாமா, தூங்க வைக்கணுமா?"

கிழவிகள் என்றால் அவன் பார்த்துக்கொள்ளும் முப்பது பழைய எண்ணெய்க் கிணறுகள். பருந்து என்றால் அக்காள். மூன்று மணி நேர பஸ் தூரத்தில், ஒரு மாடி அலுவலகத்தில் உட்கார்ந்து, வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, எண்ணெய் அடங்கிய ஷேல் பாறை நிலத்தில் எங்கெங்கே புதுக் கிணறு தோண்டுகிறார்கள் என்று வாராவாரம் பட்டியல் போடுகிறவள்.

நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். சமப்படுத்திய வெள்ளைச் சதுரம் தெரிந்தால் புது இடம். அதில் துளையிடும் இரும்புக் கோபுரத்தின் நிழல் விழுந்தால் தோண்டுகிறார்கள். கோபுரம் போய்த் தண்ணீர்த் தொட்டிகளும் பம்பு லாரிகளும் வரிசை கட்டினால்தான் ஆபத்து. ஆழத்தில் தண்ணீரை அழுத்தி அனுப்பிப் பாறையை உடைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அந்த அழுத்தம் பாறை இடுக்கில் ஓடி, பக்கத்துப் பழைய கிணற்றில் வந்து முட்டும். அதற்குள் பழைய கிணற்றை மூடிப் பூட்டிவிட்டு ஆள் விலகிவிட வேண்டும். தம்பி கேட்பது இதைத்தான்.

அந்த வாரப் படத்தில் பாதிக்கு மேல் மேகம். பன்னிரண்டு கட்டங்கள் பஞ்சுப் பொதிக்குள் போயிருந்தன. மேகம் மறைத்தால் 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டு, தோண்டும் இடத்துக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். விதி அதுதான். மேலாளருக்கோ அந்த வார்த்தையே ஆகாது. "தெரியலைங்கிறது அவனுக்கே தெரியுமே, அதுக்கு நம்ம பட்டியல் எதுக்கு?" என்பார். அவள் நான்கு இடங்களுக்குப் போன் போட்டாள். எடுப்பாரில்லை; அந்த நான்கை மட்டும் 'தெரியவில்லை' என்று விட்டாள். மீதி எட்டுக்கும் 'பழையபடி' என்று போட்டாள்.

அந்த எட்டில் ஒன்று நாற்பத்தொன்றாம் கட்டம். அங்கே கோபுரம் ஏறிப் பதினான்கு நாள்தான் ஆகியிருந்தது. இருபது நாளுக்குள் ஒரு கோபுரம் இறங்கியதை ஒன்பது வருஷத்தில் அவள் கண்டதில்லை.

"நாப்பத்தொண்ணு எப்படிக்கா?"

"பழையபடிதான். தோண்டிக்கிட்டேதான் இருக்காங்க."

"பாத்தியா, இல்ல அடிச்சு விடுறியா?"

"ஒம்பது வருஷமா இதே பொழப்புடா. எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"கோவிச்சுக்காத. மேல பறக்கிற பருந்துக்கு என்ன வந்தது, கீழ நிக்கிறது கோழிக்குஞ்சாச்சே." சிரித்தான். "சரி, கிழவிக்கு நாடி பிடிச்சிட்டு வர்றேன்."

பதினொன்றரைக்கு, அழுத்தமானியின் முள்ளைப் பார்க்க அவன் குனிந்திருந்தபோது, கிழவியின் தலைக்குழாய் வெடித்தது. நானூறு மீட்டருக்கு அப்பால் கோபுரம் இறங்கி ஐந்து நாளாகியிருந்தது. முந்தின நாளே பாறையை உடைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

பத்தாம் நாள் அவள் வேலைக்குத் திரும்பியபோது மேலாளர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு விசாரணைக்கு வர்றாங்க. அந்த ஒரு வரிய மட்டும் 'தெரியவில்லை'ன்னு மாத்திடும்மா."

"தெரியலைன்னு போட்டிருந்தா, அவன் கிணத்தைப் பூட்டியிருக்கணும் சார். தப்பு அவன் தலையில விழும்."

"செத்தவன் தலையில எது விழுந்தா என்ன?"

"அவன் என் தம்பி."

"அதனாலதான் சொல்றேன். உன் வீட்டுக்கு இது தெரியணுமா? நல்லா யோசி."

அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் கை வராது என்று பட்டது. பழைய வார்த்தையை அழித்துப் புதியதை எழுதினாள். அரை நிமிஷ வேலை.

ஒரு மாதம் கழித்துத் தம்பி வீட்டுக்குப் போனாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது, தம்பியின் படத்தைக் காணோம். தம்பி மனைவி விசாரணைக் காகிதத்தை மேசைமேல் போட்டாள்.

"படிங்க அண்ணி. பட்டியல்ல தெரியலைன்னு இருந்துதாம். அதுக்கப்புறமும் போய் நின்னிருக்காரு. புத்தி இருக்கிற மனுஷன் செய்யிற காரியமா? என்னை நினைச்சுப் பாத்தாரா? படத்தைக் கழட்டி அலமாரிக்குள்ள போட்டுட்டேன். அந்த மூஞ்சியப் பாத்தா ஆத்திரம் ஆத்திரமா வருது."

"அப்படிச் சொல்லாதம்மா."

"வேற எப்படிச் சொல்றது? அன்னைக்குக் காலையில உங்ககிட்ட பேசும்போது பக்கத்துலதான் இருந்தேன். சிரிச்சுக்கிட்டே பேசினாரு. நீங்க எச்சரிச்சுமா அண்ணி சிரிச்சாரு?"

அவள் காகிதத்தைக் கையில் எடுத்து, திரும்ப மேசைமேலேயே வைத்தாள்.

"சொல்லுங்க. எச்சரிச்சீங்கல்ல?"

"இல்ல."

"அப்போ என்ன சொன்னீங்க?"

"பழையபடிதான்னு சொன்னேன்."

"படத்தைப் பாத்துட்டா?"

"படத்துல மேகம். பாக்காம சொன்னேன்."

தம்பி மனைவி காகிதத்தைத் தொட்டாள். "அப்புறம் இதுல தெரியலைன்னு இருக்கே?"

"பின்னாடி மாத்தினேன். மாத்தச் சொன்னாங்க. மாத்தின கை என்னோடதுதான்."

தம்பி மனைவி எழுந்துபோய்ப் பேனா கொண்டுவந்தாள்.

"எழுதுங்க. இந்தக் காகிதத்துக்குப் பின்னாடியே எழுதுங்க. அவரு கேட்டாரு, நீங்க பாக்காம சொன்னீங்க, அப்புறம் மாத்தினீங்க. ஒண்ணு விடாம."

"வேலை போயிடும்மா. கேஸ் ஆகும்."

"எழுதுங்க அண்ணி."

எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள், ஒன்பது வருஷப் பழக்கம். தம்பி மனைவி அதை இரண்டு முறை உதடு அசைத்துப் படித்தாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அலமாரியைத் திறந்து படத்தை எடுத்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, ஆணியில் மாட்டினாள். கோணலாக நின்றதைச் சரி செய்தாள்.

"உங்க மேல தப்பு இல்லைங்க," என்றாள் படத்தைப் பார்த்து. "நான்தான் கண்டபடி ஏசிட்டேன்."

அக்காள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். செருப்பை மாட்டும்போது பழக்கதோஷத்தில் வாய் சொல்லிவிட்டது:

"வர்றேம்மா."

"வராதீங்க, அண்ணி."